நீண்ட இரவுகளின் தோட்டம்

ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை ஆவணி முடிவதற்குள் பந்தலைப் பிடித்துவிடும். புரட்டாசியில் பந்தல் தெரியாதபடி இலை மூடிக்கொள்ளும். இடம் போதாமல் கொடி பக்கத்து முருங்கையிலும் ஏறும். ஆனால் எவ்வளவு தேடினாலும் ஒரு பூ கிடைக்காது. வீட்டில் கவலை தொடங்கும். ஒருவர் சாம்பல் தூவச் சொல்வார். ஒருவர் நுனியைக் கிள்ளிவிடச் சொல்வார். தண்ணீரைக் குறைத்து வாடவிட்டால் தானாகப் பூக்கும் என்பார் மூன்றாமவர். ஐப்பசி போய்க் கார்த்திகை பிறக்கும்போது இலைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாகப் பூ வரும். சாம்பல் தூவியவர் அதைச் சாம்பலின் கணக்கில் எழுதிக்கொள்வார். ஒன்றுமே செய்யாத அடுத்த வீட்டிலும் அவரை ஏறக்குறைய அதே நாட்களில்தான் பூத்திருக்கும். இதைவிட வியப்பு ஒன்று உண்டு. ஒரு மாதம் பிந்தி ஆவணியில் ஊன்றிய கொடியும் ஆடிக் கொடியோடு கிட்டத்தட்டச் சேர்ந்தே பூக்கும்.

வயதைப் பார்த்துப் பூக்கிற செடியானால் அதுவும் ஒரு மாதம் பிந்தியிருக்க வேண்டும். ஆக, அவரை வெளியே எதையோ கவனித்துக்கொண்டிருக்கிறது. குளிரையா? சென்னையில் ஜனவரி மாதத்தின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலையே 20, 21 டிகிரி செல்சியஸ்தான். அவரை பூவெடுக்கும் நாட்களில் அந்த அளவுக்குக்கூட இறங்கியிருக்காது. மழையும் புழுக்கமும் மாறி மாறி வரும் காலம் அது. குளிர்நாடுகளின் தோட்டப் புத்தகங்களில் குளிர்காலம் என்றால் உறைபனி, கண்ணாடிக் கூடாரம், வேர்களுக்குப் போர்வை என்று வரும். அந்த அறிவுரைகள் அந்த ஊர்களுக்குச் சரி. நம் சமவெளியில் கார்த்திகை முதல் மாசி வரை செடிக்கு நேரும் பெரிய மாற்றங்கள் சூரியன் மறைந்த பிறகே நேர்கின்றன. இரவு நீள்கிறது, தணிகிறது, ஈரமாகிறது. மாடியில் பத்துப் பைகள் வைத்திருப்பவரும் கொல்லையில் பந்தல் போட்டிருப்பவரும் பகலில் செய்யும் வேலை பலிப்பதும் பலிக்காததும் பெரும்பாலும் இரவைப் பொறுத்தது. இதில் நீளத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதுதான் கண்ணுக்குப் படாதது.

அவரையின் புதிரை வேறொரு கண்டத்தில், வேறு இரண்டு பயிர்களை வைத்து அவிழ்த்தார்கள். அமெரிக்க வேளாண்துறைக்கு வாஷிங்டன் நகரத்துக்கு எதிர்க்கரையில், ஆர்லிங்டனில் ஓர் ஆய்வுப் பண்ணை இருந்தது. இன்று பெண்டகன் கட்டடம் இருக்கும் பகுதி. அங்கே வைட்மன் கார்னர், ஹாரி அல்லார்ட் என்ற இருவர் புகையிலையையும் சோயாவையும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ‘மேரிலாண்ட் மாமத்’ என்ற புகையிலை ரகம் கோடை முழுதும் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், பூக்காது. இலையுதிர் காலத்து உறைபனி வந்து அதை அப்படியே கொன்றுவிடும். அதே ரகத்தைக் குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் வளர்த்தால் சிறிய செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். ‘பிலாக்ஸி’ என்ற சோயாவோ, சில வார இடைவெளிகளில் அடுத்தடுத்து விதைத்தாலும் முந்தியதும் பிந்தியதுமாக எல்லாம் செப்டம்பரில் சேர்ந்து பூக்கும். நம் ஆடி அவரை, ஆவணி அவரைக் கதையேதான்.

வெப்பம், ஈரம், உரம், ஒளியின் வலிமை என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. 1918 ஜூலையில் சிறிய இருட்டுக் கொட்டகை ஒன்றை எழுப்பி, தொட்டிச் செடிகளை மாலை 4 மணிக்கு உள்ளே வைத்து மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். நடுக்கோடையில் புகையிலை பூத்தது, சோயாவும் பூத்தது. பக்கத்திலேயே முழுநாளும் வெளிச்சத்தில் நின்ற செடிகள் இலையை மட்டுமே விட்டுக்கொண்டிருந்தன. 1920-ல் அவர்கள் கட்டுரை வெளியானது. பகல் குறுகும்போது பூப்பவை குறும்பகல் செடிகள், பகல் நீளும்போது பூப்பவை நெடும்பகல் செடிகள், இரண்டையும் பொருட்படுத்தாதவை மூன்றாம் வகை என்ற பாகுபாடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு கொட்டகையையும் அதன் கதவையும் கருவியாக வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய உண்மையைக் கண்ட வேறோர் ஆய்வு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பெயர் வைத்ததில் மட்டும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. அதைக் காட்டிக்கொடுத்த செடி நம் ஊர்க் குளக்கரைகளிலும் தரிசுகளிலும் வளரும் மருளூமத்தை. ஆட்டு மயிரிலும் வேட்டி நுனியிலும் ஒட்டிக்கொண்டு வரும் முள்காய்ச் செடி. சிகாகோவில் கார்ல் ஹாம்னர், ஜேம்ஸ் பானர் இருவரும் அதை வைத்துச் செய்த ஆய்வு 1938-ல் வெளியானது. மருளூமத்தைக்கு ஏறத்தாழ எட்டரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ச்சியான இருட்டு வேண்டும். அப்படி ஒரே ஓர் இரவு கிடைத்தாலும் போதும், பூத்துவிடும். பகலின் நடுவே அதைச் சிறிது நேரம் இருட்டில் வைத்துப் பார்த்தார்கள். எந்த வித்தியாசமும் இல்லை. நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைப் போட்டார்கள். செடி பூக்க மறுத்தது. செடி அளப்பது பகலை என்று நாம் நினைத்திருக்க, அது இருட்டை அளந்துகொண்டிருந்தது. அதுவும் இடையில் முறியாத இருட்டாக இருக்க வேண்டும்.

அளக்கும் பொருள் எது? அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் 1952-ல் லெட்யூஸ் விதைகளின் மேல் ஒளியைப் பாய்ச்சி ஒன்றைக் கண்டார்கள். 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால் விதை முளைத்தது. அதைத் தொடர்ந்து, நம் கண்ணுக்கு அரைகுறையாகவே தெரியும் 730 நானோமீட்டர் அகச்சிவப்பு விளிம்பு ஒளி பட்டால் முளைக்கவில்லை. இரண்டையும் எத்தனை முறை மாற்றி மாற்றிக் காட்டினாலும் கடைசியாகப் பட்ட ஒளியின் பேச்சையே விதை கேட்டது. இரவை முறிக்கும் விளக்கிலும் இதுவே நடந்தது: சிவப்பு ஒளி பூப்பதைத் தடுத்தது, உடனே பின்தொடர்ந்த விளிம்பு ஒளி அந்தத் தடையை நீக்கியது. இரண்டு வடிவங்களுக்கு இடையே மாறிக்கொண்டிருக்கும் ஒரே நிறமி இலையில் இருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். 1959-ல் அந்த நிறமி இருப்பதைக் கருவியால் காட்டவும் முடிந்தது. அதுதான் ஃபைட்டோகுரோம். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை அது சொல்கிறது; இருட்டு எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதைச் செடியின் உள்கடிகாரம் சொல்கிறது. செடிக்குள் அப்படி ஒரு நாள்கடிகாரம் இருந்து பருவத்தை அளக்கிறது என்று ஜெர்மானியர் எர்வின் பியூனிங் 1936-லேயே கூறியிருந்தார். அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது, இரவில் மடங்கிப் பகலில் விரியும் பீன்ஸ் இலைகளை.

செய்தி இலையில் சேர்கிறது. பூ வருவதோ நுனியில். நடுவே என்ன போகிறது என்பதைச் சாமந்தி காட்டியது. ரஷ்யாவின் மிகயில் சைலக்கியன் 1930-களில் சாமந்தியின் மேல்பாதி இலைகளை எடுத்துவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் நீண்ட இரவைக் காட்டினார். இலையற்ற நுனி பூத்தது. இலையிலிருந்து ஏதோ ஒன்று பயணம் செய்கிறது என்று சொல்லி அதற்கு ஃபுளோரிஜன் என்று பெயரிட்டார். அது ஒரு சிறிய புரதம் என்று 2007-ல் தெளிவானபோது அவர் உயிரோடு இல்லை. ஆகவே பூக்கவேண்டிய நேரத்தில் ‘இலை அதிகம்’ என்று கொடியை மொட்டையடிக்காதீர்கள். பருவத்தைப் படிக்கும் கண் அந்த இலைகளில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். லண்டனில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் நீளம் இரு மடங்குக்கு மேல் மாறுகிறது. நம் ஊரில் என்ன பெரிதாக மாறுகிறது? சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12 மணி 53 நிமிடம். மிகக் குறுகியது 11 மணி 21 நிமிடம். கன்னியாகுமரியில் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். புரட்டாசி நடுவில் இரவு பகலைத் தாண்டுகிறது. அப்போதும் நாளொன்றுக்குக் கூடுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நமக்குத் தெரியாது. செடிக்குத் தெரியும். நிலநடுக்கோட்டுக்கு இரண்டு டிகிரி வடக்கே இருக்கும் மலாக்காவில் ஆண்டு முழுவதும் பகல் நீளம் கால் மணி நேரம்தான் மாறுகிறது. அங்கே வளர்ந்த ‘சயாம் 29’ என்ற நெல் அந்தக் கால் மணி நேரத்தைக் கண்டுகொள்வதை 1959-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஜனவரியில் விதைத்தால் அது பூக்க எடுத்துக்கொண்ட காலம், செப்டம்பரில் விதைத்தால் எடுத்துக்கொண்டதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. நம் பழைய சம்பா நெல்களும் இந்தக் குணம் கொண்டவை. எப்போது நாற்றுவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகை இரவுக்குக் காத்திருந்து கதிர்விடும். வடகிழக்குப் பருவமழை ஓயும் வேளையில் மணி முற்றும். பட்டம் பார்த்து விதைத்த விவசாயியும் இரவை அளந்த நெல்லும் ஒரே நாட்காட்டியைப் பின்பற்றினார்கள்.

இனி மாடிக்கு வருவோம். நகரத்தில் இரவு நீள்கிறது, ஆனால் இருட்டு நீள்வதில்லை. முழுநிலவின் வெளிச்சம் தரையில் ஏறக்குறைய கால் லக்ஸ். தெருவிளக்கின் அடியில் 10 லக்ஸும் அதற்கு மேலும் சாதாரணம். நிலவால் செடி ஏமாறுவதில்லை, விளக்கால் ஏமாறும். சோயா வயல்களின் ஓரத்தில் தெருவிளக்கு நின்றால், வயல் முழுதும் பழுத்துக் காய்ந்த பிறகும் விளக்கைச் சுற்றிய ஒரு வட்டம் மட்டும் பச்சையாக நிற்பதை அமெரிக்க விவசாயிகள் நன்கு அறிவார்கள். சாமந்தி வளர்க்கும் பசுமைக்குடில்காரர்கள் இதையே பயனாக்கிக்கொள்கிறார்கள்: காம்பு நீளும் வரை நள்ளிரவில் விளக்கைப் போட்டு மொட்டைத் தள்ளிப்போடுவார்கள், பிறகு விளக்கை நிறுத்திப் பூக்கவிடுவார்கள்.

அவரையோ சாமந்தியோ மார்கழி பிறந்தும் பூக்கவில்லை என்றால், உரத்தைத் தேடும் முன் இரவு ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய் நில்லுங்கள். படிக்கட்டு விளக்கு, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் மாட்டிய எல்இடி, எதிர்வீட்டு வாசல் விளக்கு, இவற்றில் எது இலைமேல் விழுகிறது என்று பாருங்கள். கையில் இருக்கும் செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடிந்தால், பல குறும்பகல் செடிகளுக்கு அது முறிந்த இரவு. பையாக இருந்தால் நிழல் பக்கம் நகர்த்தலாம். பந்தலை நகர்த்த முடியாது. விளக்குக்கு ஒரு பக்கம் தகரம் கட்டி மறைக்கலாம், ஆள் வரும்போது மட்டும் எரியும் விளக்காக மாற்றலாம். காசு செலவில்லாத, ஏறக்குறைய யாருமே செய்யாத வேலை இது. தோட்டக்கலைக் கையேடுகளில் நீர், உரம், பூச்சி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இருட்டையும் ஓர் இடுபொருளாகச் சேர்த்து எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

இரவைப் பொருட்படுத்தாத அவரையும் இப்போது உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் தந்த ‘கோ’ வரிசைச் செடி அவரைகளில் பல எந்தப் பட்டத்திலும் காய்க்கக்கூடியவை. இரவுக் கணக்கை அவற்றின் மரபிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1966-ல் வந்த ஐஆர் 8 நெல்லிலும் இதே மாற்றம் இருந்தது. ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் என்ற கணக்கு அதனால்தான் கைகூடியது. வெளிச்சம் நிறைந்த மாடியில் இருப்பவர்களுக்குச் செடி அவரைதான் சரி. ஆனால் இடமும் இருட்டும் இருக்கிறவர்கள் பந்தல் அவரையை விட்டுவிடக் கூடாது. ஒரே கொடி மாசி வரை விடாமல் காய்க்கும்.

இதற்கு நேர்மாறான செடிகளும் நம் அடுக்களையில் உள்ளன. கொத்தமல்லி நீண்ட பகலிலும் வெப்பத்திலும் அவசரமாகத் தண்டு நீட்டிப் பூத்துவிடும். சித்திரையில் விதைத்தால் நாலு இலை கிள்ளுவதற்குள் பூ வந்துவிடுவது இதனால்தான். குறுகிய பகலும் தணிந்த இரவும் சேர்ந்த மார்கழியில் அது இலையாகவே நிற்கும். விதைக்கும் முன் கொத்தமல்லியைச் செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளக்கிறோமே, அதற்கும் காரணம் உண்டு: நாம் விதை என்பது உண்மையில் ஒரு கனி, அதற்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. வெங்காயத்தில் கணக்கு இன்னும் கறாரானது. ஐரோப்பியப் பெருவெங்காய ரகங்கள் பல, பகல் 14 மணி நேரத்தைத் தாண்டினால்தான் கிழங்கு வைக்கும். சென்னையில் அப்படிப்பட்ட நாள் ஆண்டில் ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் ஆசையாக வாங்கி வந்த விதை, எவ்வளவு சீராட்டினாலும் தாளாகவே நிற்கும். தவறு வளர்த்தவர்மேல் இல்லை.

நீளத்தை விட்டு வெப்பத்துக்கு வந்தால் முதல் சாட்சி தக்காளி. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ஃபிரிட்ஸ் வென்ட் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி வெப்பநிலை தந்து தக்காளி வளர்த்தார். 1944-ல் அவர் வெளியிட்ட முடிவு: காய் பிடிப்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரவு வெப்பநிலை, 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் நன்றாகப் பிடிக்கும். இரவு சூடாக இருந்தால் செடியின் சுவாசம் கூடும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் சுவாசம் ஏறத்தாழ இரு மடங்காகி, பகலில் சேர்த்த சர்க்கரை இரவிலேயே கரையும். மகரந்தமும் கெடும். மே மாதத்தில் சென்னை இரவு 28 டிகிரிக்குக் கீழே இறங்கச் சிரமப்படும்போது, பூவெல்லாம் காம்போடு உதிர்வதில் வியப்பில்லை. மகரந்தம் கெடுவது பூ விரிவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே நடந்துவிடும் என்பதால், இன்று உதிரும் பூ போன வாரத்து வெப்பத்தின் கணக்கு. கான்கிரீட் தளம் பகல் வெப்பத்தை வாங்கி இரவில் விடும். பைகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் உயரத்திலோ இரும்புத் தாங்கியிலோ வைத்தால் வேருக்கும் கீழ் இலைக்கும் அந்தச் சூடு குறையும். காலை பத்து மணிவாக்கில், பனி ஈரம் காய்ந்த பிறகு, பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். தக்காளியின் மகரந்தம் குழாய் போன்ற பைக்குள் அடைந்து கிடக்கும்; அதிர்ந்தால்தான் கொட்டும்.

பரங்கிக்கு நீளம், குளிர்ச்சி இரண்டும் வேண்டும். மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டைமேல் செருகும் பூ பெரும்பாலும் ஆண் பூ. பரங்கிக் கொடி முதலில் ஆண் பூக்களாகவே விடும், பிறகு இரண்டும் கலந்து வரும், பிறகு பெண் பூக்கள் கூடும். நீண்ட வெப்பமான நாட்கள் முதல் கட்டத்தை நீட்டும். குறுகிய பகலும் குளிர்ந்த இரவும் பெண் பூக்களை முந்திக் கொண்டுவரும். வென்ட்டும் உடனுழைத்தவர்களும் 1952-ல் இதை அளந்து எழுதினார்கள். அடியில் சின்னஞ்சிறு காய் இருந்தால் பெண் பூ. கோலத்துக்குப் பறிக்கும்போது அதைத் தொடாமல், தேனீக்களுக்கென இரண்டொரு ஆண் பூவையும் விட்டுவைத்தால், வாசலுக்கும் குறையில்லை, சாம்பாருக்கும் குறையில்லை. பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும் என்பதால் தேனீ வராத மாடியில் ஆண் பூவைப் பறித்து நாமே தடவிவிடும் வேலையைக் காலையிலேயே செய்ய வேண்டும்.

குளிர்கால மாடியில் எனக்கு மிகவும் பிடித்த செடி காலிஃபிளவர். 1822-ல் அது இங்கிலாந்திலிருந்து சகாரன்பூர் தோட்டத்துக்கு வந்தது. குளிர்ந்த கடற்காற்றில் பழகிய செடி. வட இந்திய விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக, வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கிப் பூவெடுத்த செடிகளிலிருந்து மட்டும் விதை எடுத்து, 20 முதல் 27 டிகிரியிலும் பூக்கட்டும் முந்திய ரகங்களை உருவாக்கினார்கள். உலகம் இன்று இந்தியக் காலிஃபிளவர் என்று தனி வகையாகப் போற்றும் செல்வம் அது. பிந்திய ரகங்களுக்கு 10 முதல் 16 டிகிரி வேண்டும். அது ஊட்டிக்கும் குன்னூருக்கும் சரி. விதைப் பொட்டலத்தில் முந்திய ரகமா பிந்திய ரகமா என்று பார்க்காமல் வாங்குவதால்தான் மாடிகளில் பாதிக் காலிஃபிளவர்கள் இலையோடு நின்றுவிடுகின்றன.

நாம் சாப்பிடும் வெள்ளைப் பகுதி உண்மையில் பூ கிடையாது. பூவாக முயன்று முடியாமல் போன நுனிகள் அவை. ஒவ்வொரு நுனியும் பூவாக மாறத் தொடங்கி, பாதியில் தண்டாகத் திரும்பி, தன் பக்கங்களில் மேலும் நுனிகளை விடுகிறது. அவையும் அதையே செய்கின்றன. மரபணுக்களின் வலைப்பின்னலில் எந்தத் தடங்கலால் இது நேர்கிறது என்பதை பிரெஞ்சு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய குழு 2021-ல் கணினி மாதிரியோடு விளக்கியது. அடுத்த முறை ஒரு காலிஃபிளவரை நறுக்கும் முன் ஒரு கிளையை ஒடித்துப் பாருங்கள். அது முழுப் பூவின் சிறிய வடிவமாகவே இருக்கும். அதில் ஒன்றை ஒடித்தால் மறுபடியும் அதே வடிவம். நாற்று 25, 30 நாளுக்கு மேல் குழித்தட்டில் கிடந்து கிழடுதட்டிவிட்டால், செடி வளரும் முன்பே எலுமிச்சை அளவில் பூக்கட்டி நின்றுவிடும். பூ கைப்பிடி அளவு வந்ததும் அதன் இலைகளையே மடக்கி மேலே கட்டுங்கள். வெயில் பட்டால் மஞ்சளாகும்.

வெயில் என்றதும் சூரியன் இப்போது எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த இடைக்காலத்தில் அது உச்சிக்கு வடக்கே போயிருக்கும். டிசம்பர் 21-ல் நண்பகலிலும் தென்வானில் 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அதனால் ஒரு மீட்டர் உயரத் தெற்குக் கைப்பிடிச்சுவர் வடக்கே முக்கால் மீட்டர் நீள நிழலை நண்பகலிலேயே போடும். காலை மாலையில் இன்னும் நீளும். கோடையில் அந்தச் சுவரோரம் வைத்த தக்காளிப் பையை இப்போது வடக்கே நகர்த்த வேண்டும். அடுக்குமாடியில் தெற்குப் பார்த்த பால்கனி வைத்திருப்பவர்களுக்கு இது நற்செய்தி. ஜூனில் மேல்தளம் மறைத்துவிடும் சூரியன், டிசம்பரில் சாய்வாக உள்ளே வந்து தரைவரை விழும். அவர்களுடைய விதைப்புக் காலம் கார்த்திகை.

ஈரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தெளிந்த இரவில் இலை வானத்தை நோக்கி வெப்பத்தை விட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றின் ஆவி அதன்மேல் பனித்துளியாகப் படிகிறது. இலை விளிம்பில் மட்டும் முத்துக்கோத்தாற்போல் வரிசையாக நிற்கும் துளிகள் வேறு: வேர் அழுத்தி அனுப்பிய நீர், விளிம்பில் உள்ள நுண்துளைகள் வழியே வெளியே வந்தது. சேம்பிலும் தக்காளி நாற்றிலும் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். வேர் நலமாக இருப்பதன் அடையாளம். அன்று காலை தண்ணீர் விடத் தேவையில்லை என்பதற்கும் அடையாளம். இலைமேல் ஈரம் பல மணி நேரம் நிற்பதுதான் தொல்லை. பாகல், பீர்க்கு, வெள்ளரி இலைகளில் வரும் அடிச்சாம்பல் நோய்க்கு அந்த ஈரம் தேவை. ஆகவே மார்கழியில் மாலை நீர் வேண்டாம். காலையில், அதுவும் வேரில் மட்டும். இலைமேல் மாவு தூவினாற்போல் வரும் சாம்பல் நோயின் கணக்கு வேறு. அதன் வித்துகளுக்கு ஈரக் காற்று போதும், இலைமேல் நீர் நின்றால் அவை கெடவும் செய்யும். பிரேசிலின் வாக்னர் பெத்தியோல் 1999-ல் நீர் கலந்த பசும்பாலைத் தெளித்தே பூசணி வகை ஒன்றில் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்திக் காட்டினார். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு நீர், வெயில் வரும் காலையில்.

மழைக்குப் பிறகு கீழ் இலைகள் வெளுத்தால் அது நோயாக இருக்க வேண்டியதில்லை. நைட்ரேட் எதிர்மின்சுமை கொண்டது. மண்ணும் மட்கும் அதே சுமை கொண்டவை என்பதால் அதைப் பிடித்து வைப்பதில்லை. பையின் அடித்துளை வழியே மழை அதைக் கொண்டுபோய்விடும். ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு நீரில் கலந்து வாரம் ஒருமுறை கொஞ்சமாக விட்டால் இரண்டு வாரத்தில் பச்சை திரும்பும். ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டினால் மறுமழையில் அதுவும் போகும்.

கடைசியாக விதை. தை பிறந்ததும் பலர் முட்டைக்கோஸ் ஒன்றை அறுக்காமல் விட்டு, பூத்து விதை தரும் என்று பார்த்திருப்பார்கள். நம் சமவெளியில் அது நடக்காது. முட்டைக்கோஸ் தண்டு நீட்டிப் பூக்க, ஓரளவு வளர்ந்த பிறகு பல வாரங்கள் 10 டிகிரிக்குக் கீழான குளிரில் இருந்தாக வேண்டும். அதனால்தான் அதன் விதை குல்லு போன்ற இமயப் பள்ளத்தாக்குகளில் உற்பத்தியாகிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் ஒன்று குல்லுவின் கட்ராயினில் இருப்பதும் அதற்காகவே. தலையை மட்டும் அறுத்து அடித்தண்டை விட்டுவைத்தால் சில சிறு தலைகள் கிடைக்கும், அவ்வளவுதான். சொந்த விதை வேண்டுமென்றால் முள்ளங்கியில் தொடங்குங்கள். நம் வெள்ளை முள்ளங்கிக்கு அந்தக் குளிர் தேவையில்லை. நல்ல கிழங்கு வைத்த நாலைந்து செடிகளைப் பிடுங்காமல் விட்டால் தையில் தண்டு நீட்டி வெளிர் ஊதாப் பூ விடும். தன் மகரந்தம் தனக்கு ஆகாத செடி என்பதால் ஒன்றை மட்டும் விட்டால் காய் பிடிக்காது. அதே காரணத்தால் பக்கத்தில் வேறு முள்ளங்கி ரகம் பூத்திருந்தால் தேனீ இரண்டையும் கலந்துவிடும்; ஆண்டுக்கு ஒரு ரகத்தை மட்டும் பூக்கவிடுங்கள். இளங்காய்களில் சிலவற்றைப் பறித்துப் பொரியலுக்குச் சேர்க்கலாம், காரமாக நன்றாக இருக்கும். மற்றவை பங்குனியில் வைக்கோல் நிறமாகும் வரை செடியிலேயே நிற்கட்டும். பிறகு கிளையோடு வெட்டி நிழலில் உலர்த்தி, உருட்டி உதிர்த்து, மூடிய புட்டியில் போட்டு ரகத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.